புகை போச்சு, பூட்டு வந்துச்சு

பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, நண்பர்கள்னு இந்த ஒரு வருஷத்துல ஏழெட்டுப் பேராவது கேட்டுட்டாங்க: "எலக்ட்ரிக் கார் வாங்கலாமா?" விலை எவ்வளவு, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தக் கம்பெனி நல்லது என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் யூடியூப் சேனல் இருக்குங்க. அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா விவசாயிங்க நாங்க எந்த மெஷினைப் பார்த்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேட்போம். "இது நின்னு போனா யாரு பிரிப்பாங்க?"

இது சும்மா கேக்கற கேள்வி இல்ல. கிணத்து மோட்டார் நின்னு போச்சுன்னா பயிர் கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்காது. பக்கத்து ஊர்ல காயில் கட்டறவர் இருக்காரா, பேரிங் எந்தக் கடையில கிடைக்கும், ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டா வருவாரா என்பதை யோசிச்சுத்தான் மோட்டாரே வாங்குவோம். அதே கேள்வியை எலக்ட்ரிக் காரைப் பார்த்துக் கேட்டா, அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக் கதை ஒண்ணு இருக்கு. கதையில பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. வழக்கு, ஓட்டெடுப்பு, சட்டம் எல்லாம் அங்கேதான் முதல்ல வந்தது. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்பேனரோட வந்த கார்

எலக்ட்ரிக் கார் புதுசுன்னு நாம நினைக்கிறோம். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான கார்கள் 4,192. அதில் 1,681 நீராவியில் ஓடியவை, 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் கார் வெறும் 936தான். மூணுல கடைசி இடம்.

பேட்டரி விஷயத்திலும் அப்பவே ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு மின்சாரக் கம்பெனி, 1910 வாக்கில் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கலாம். பேட்டரி கம்பெனியுடையது. தீர்ந்தால் கொண்டுபோய்க் கொடுத்துட்டு சார்ஜ் ஏறினதை மாட்டிக்கிட்டு வரலாம். மாசத்துக்கு ஒரு தொகை, ஓடின மைலுக்கு ஒரு தொகை. 1920களின் நடுப்பகுதி வரை இது நடந்தது. கேஸ் சிலிண்டர் மாத்தற மாதிரின்னு வைங்களேன்.

ஆனாலும் ஜெயிச்சது பெட்ரோல் கார்தான். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி, 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல விற்றது. விலை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க. அந்தக் காரை வாங்கினவங்கள்ல பெரும் கூட்டம் விவசாயிங்க. பட்டறையில் இருக்கிற ஸ்பேனரையும் சுத்தியலையும் வெச்சே பிரிச்சு மாட்டலாம். காரோட கேள்வி-பதில் வடிவத்துல ஒரு கையேடும் கொடுத்தாங்க. பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, பெல்ட் மாட்டி, அதே காரை வெச்சு மரம் அறுத்தாங்க, தண்ணி இறைச்சாங்க, சோளம் உதிர்த்தாங்க. டீசல் எஞ்சினுக்குப் பெல்ட் மாட்டிக் கடலை உரிச்சதைப் பார்த்த கிராமத்து ஆளுங்களுக்கு இது ஆச்சரியமே இல்ல. பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு மெஷின் பத்து மெஷின்.

காரை வாங்கினவன் அதை என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம், யார்கிட்ட வேணும்னாலும் ரிப்பேருக்கு விடலாம் என்பதை அந்தக் காலத்தில் யாரும் உரிமைன்னு சொல்லிக்கலை. உரிமைன்னு சொல்ற அவசியமே வரலை, அவ்வளவுதான்.

புகையால கிடைச்ச உரிமை

அவசியம் வந்தது கம்ப்யூட்டரால. அது காருக்குள்ள நுழைஞ்சது புகையால.

இரண்டாம் உலகப்போர் காலத்துல இருந்தே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறிக்கிட்டு இருந்தது. கண் எரிச்சல், மூச்சு முட்டல். அந்த மூட்டத்தில் வண்டிப் புகைக்குப் பெரிய பங்குன்னு தெரிய வந்ததும், கலிபோர்னியா 1966இல் சைலன்சர் புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறகு நாடு முழுக்க 1970இல் தூய காற்றுச் சட்டம். கட்டுப்பாடு இறுக இறுக, கார்பரேட்டரை ஸ்க்ரூடிரைவரால் திருகி சமாளிக்க முடியாம போச்சு. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காத்துன்னு கணக்குப் போட எஞ்சினுக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் உட்கார்ந்தது.

வந்தது பிரச்சினை. எஞ்சின் லைட் எரிஞ்சா ஏன் எரியுதுன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பிளக், ஒவ்வொரு கருவி. தெருமுனை மெக்கானிக் எத்தனை கருவிதான் வாங்குவார்? அந்த நேரத்தில் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் சரியா வேலை செய்யுதான்னு காரே கண்காணிக்கணும், அந்தத் தகவலைப் படிக்க எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி பிளக் வைக்கணும், புகை சம்பந்தமான ரிப்பேர் விவரத்தைத் தொழில் செய்யற எந்த மெக்கானிக் கேட்டாலும் கொடுக்கணும். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள அந்த பிளக் வந்தது. "ஸ்கேனர் போட்டுப் பாத்துடலாம் சார்"ன்னு உங்க மெக்கானிக் சொல்றாரே, அவர் ஸ்கேனரை சொருகற இடம் அதுதான்.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிங்க. மெக்கானிக்கைக் காப்பாத்தணும்னோ, வாடிக்கையாளருக்கு உரிமை கொடுக்கணும்னோ அந்த பிளக்கை யாரும் வைக்கலை. புகையைக் குறைக்க வெச்சாங்க. பத்து வருஷம் ஓடின கார் புகை தள்ளாம இருக்கணும்னா யாராவது ரிப்பேர் பண்ணியாகணும். எல்லாரும் கம்பெனி ஷோரூமுக்கே போக மாட்டாங்க. அதனால மெக்கானிக்குக்கும் கதவு திறந்தது. நெல்லுக்குப் பாய்ஞ்ச தண்ணியில புல்லும் பிழைச்சுக்கிட்ட மாதிரி.

சரி, புகையே விடாத ஒரு கார் வந்தா? அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்ல. எலக்ட்ரிக் காருக்கு அந்த பிளக் கட்டாயம் இல்லாம போனது இப்படித்தான்.

குத்தகைக்கு மட்டும்

அந்த பிளக் கட்டாயமான அதே 1996ஆம் வருஷக் கடைசியில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'இவி1' என்ற எலக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தது. நம்ம காலத்து எலக்ட்ரிக் கார்களுக்கு மூத்த அண்ணன்னு சொல்லலாம். புகை விடாத கார்களையும் விற்றே ஆகணும்னு கலிபோர்னியா 1990இல் போட்ட விதிதான் அதுக்குப் பின்னாடி இருந்த அழுத்தம்.

இவி1 விற்பனைக்கு வரலை. குத்தகைக்கு மட்டும்தான். மொத்தம் 1,117 கார்கள் செஞ்சாங்க. ஓட்டினவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா விதியைத் தளர்த்தச் சொல்லி கார் கம்பெனிகள் கொடுத்த அழுத்தத்தில் கலிபோர்னியா இறங்கி வந்ததும், கம்பெனி திட்டத்தையே மூடிட்டு, குத்தகை முடிய முடிய கார்களைத் திரும்ப எடுத்துக்கிட்டது. ஓட்டினவங்க, "ரிப்பேருக்கு உங்களைக் கேட்க மாட்டோம், எங்க பொறுப்பிலேயே வெச்சுக்கறோம், விலைக்குக் கொடுங்க"ன்னு கெஞ்சினாங்க. 2005இல் பர்பேங்க் நகரத்தில் கம்பெனி இடத்தில் நிறுத்தியிருந்த மிச்சக் கார்களுக்கு வெளியே ராத்திரி பகலாக் காவல் இருந்தாங்க. 78 கார்களுக்குச் சேர்த்து 19 லட்சம் டாலர் தர்றோம்னு சொன்னாங்க. கம்பெனி மசியலை. உதிரி பாகம் தொடர்ந்து கொடுக்க முடியாதுன்னு காரணம் சொன்னது. ஏறக்குறைய எல்லாக் கார்களையும் நசுக்கிட்டாங்க. சிலது மட்டும் ஓட முடியாதபடி செய்யப்பட்டு மியூசியத்துக்கும் கல்லூரிகளுக்கும் போச்சு.

குத்தகை நிலத்தில் மரம் நடாதேன்னு எங்க பக்கம் சொல்வாங்க. எவ்வளவு பாடுபட்டாலும் கடைசியில நிலம் அவங்களுது. இவி1 ஓட்டினவங்களுக்கு அது புரிஞ்சது. ஆனா அவங்க போட்ட காகிதத்தில் குத்தகைன்னு எழுதியே இருந்தது. அடுத்து வந்த கார்களில் முழு விலையும் கொடுத்துக் கிரயம் பண்ணின பிறகும், குத்தகைக்காரன் நிலைமைதான் சில விஷயங்களில் தொடர்ந்தது.

ஓட்டுப் போட்டு வாங்கின சாவி

2012இல் இரண்டு விஷயம் நடந்தது. ஜூன் மாசம் டெஸ்லாவின் மாடல் எஸ் கார் விற்பனைக்கு வந்தது. நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் ஒரு ஓட்டெடுப்பில் கலந்துக்கிட்டாங்க. கேள்வி இதுதான்: ஷோரூம்காரங்களுக்குக் கொடுக்கிற அதே ரிப்பேர் விவரத்தையும் கருவியையும், நியாயமான விலைக்குக் கார் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி விற்கணுமா? சுமார் 86 சதவீதம் பேர் 'ஆமா'ன்னாங்க. கட்சி பேதமில்லாம இப்படி ஒரு ஓட்டு விழறது அபூர்வம். ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியா சண்டை போடறதை விட இதுவே மேல்னு நினைச்ச கார் கம்பெனிச் சங்கங்கள், 2014 ஜனவரியில் நாடு முழுக்க இதையே கடைப்பிடிக்க ஒப்பந்தம் போட்டாங்க.

அதுல ரெண்டு ஓட்டை இருந்தது. ஒண்ணு, ஒப்பந்தம் போட்ட சங்கங்களில் டெஸ்லா இல்ல. ரெண்டாவது, கார் தன்னோட சிம் வழியா கம்பெனிக்கு நேரடியா அனுப்பற தகவல் அந்தச் சட்டத்துக்குள்ள வரலை. 2012இல் அது சின்ன ஓட்டை. பிளக்கில் ஒயர் சொருகிப் படிக்கிறதுதான் அப்போ வழக்கம். வருஷம் போகப் போக எல்லாத் தகவலும் காத்து வழியா கம்பெனிக்கே போக ஆரம்பிச்சது. கதவுக்குச் சாவி வாங்கினாங்க, ஆனா கம்பெனி வேற கதவு வெச்சுக்கிட்டது.

பேட்டரிக்குள்ள பூட்டு

சாப்ட்வேர் பூட்டு எப்படியிருக்கும்னு 2017 செப்டம்பரில் எல்லாருக்கும் தெரிஞ்சது. இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்க, லட்சக்கணக்கான பேர் ஊரைக் காலி பண்ணிக்கிட்டு கிளம்பினாங்க. அங்கிருந்த சில டெஸ்லா கார்களில் திடீர்னு கூடுதலா சுமார் 50 கிலோமீட்டர் ஓடற அளவுக்கு சார்ஜ் காட்டுச்சு. கம்பெனி தூரத்தில் இருந்தே திறந்துவிட்டது. அந்தக் கார்களை '60 கிலோவாட் மணி' பேட்டரின்னு குறைஞ்ச விலைக்கு வித்திருந்தாங்க. உள்ளே இருந்தது 75 கிலோவாட் மணி பேட்டரி. மிச்சத்தை சாப்ட்வேர் பூட்டி வெச்சிருந்தது. புயல் போனதும் திரும்பப் பூட்டிட்டாங்க.

ஆபத்து நேரத்தில் உதவினாங்க, நல்ல விஷயம்தான். வாங்கினவரும் குறைஞ்ச விலைதான் கொடுத்தார், ஏமாத்து வேலைன்னும் சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. என் வீட்டு நெல் குதிருக்கு, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்கிட்ட ரெண்டாவது சாவி இருக்கு. இன்னைக்கு நல்ல மனசோட திறக்கறார். நாளைக்கு?

நாளைக்கு என்னங்கிறது 2019இல் தெரிஞ்சது. சில மாடல் எஸ் கார்களுக்கு வந்த ஒரு சாப்ட்வேர் அப்டேட், பேட்டரி ஏத்திக்கிற உச்ச வோல்டேஜைக் குறைச்சிடுச்சு. ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தா காலையில கார் ஓடற தூரம் குறைஞ்சு போயிருந்தது. பேட்டரியைப் பாதுகாக்கத்தான்னு கம்பெனி சொன்னது. வழக்கு நடந்து, 2021இல் 15 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. பாதிக்கப்பட்ட 1,743 கார்களுக்குத் தலா 625 டாலர்.

அதே 2021இல் இன்னொண்ணு. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத் திரைக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒண்ணு இருந்தது. சாப்ட்வேர் அதில் எழுதி எழுதி சிப் தேய்ஞ்சு போச்சு. சிப் போனா திரை போச்சு. திரை போனா ரிவர்ஸ் கேமரா, கண்ணாடிப் பனியைத் துடைக்கிற ஹீட்டர் கன்ட்ரோல் எல்லாம் போச்சு. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை தலையிட்டு, கம்பெனி சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைச்சது. கண்ணாடித் துடைப்பானுக்கு ஒரு ஸ்விட்ச், ஹீட்டருக்கு ஒரு ஸ்விட்ச்னு தனித்தனியா இருந்த காலத்தில், ஒண்ணு போனா மத்தது ஓடும். எல்லாத்தையும் ஒரே கம்பத்துல கட்டினா கம்பம் சாயறப்போ எல்லாம் சாயும்.

அந்த வருஷத்துக் கதைகளில் எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. மாடல் 3 கார் ஒண்ணு ரோட்டில் கிடந்த எதிலோ அடிபட்டு, பேட்டரியைக் குளிர்விக்கிற கூலன்ட் குழாயோட பிளாஸ்டிக் மூக்கு உடைஞ்சு போச்சு. பேட்டரியில் வேற பழுது இல்ல. ஆனா அந்த மூக்கு பேட்டரிப் பெட்டியோட ஒண்ணா வார்த்தது. கம்பெனி சர்வீஸில் மொத்த பேட்டரியையும் மாத்தணும், 16,000 டாலர் ஆகும்னு சொல்லிட்டாங்க. கார்க்காரர் 'எலக்ட்ரிஃபைட் கராஜ்' என்ற தனியார் பட்டறைக்குப் போனார். வெள்ளத்தில் மூழ்கின டெஸ்லாவைத் தானே உயிர்ப்பிச்சுக் காட்டி யூடியூபில் பேர் வாங்கின ரிச் பெனாய்ட் சேர்ந்து ஆரம்பிச்ச பட்டறை அது. அங்கே உடைஞ்ச மூக்கை அறுத்தெடுத்து, மரை போட்டு, பித்தளை ஃபிட்டிங் ஒண்ணை இறுக்கி விட்டுட்டாங்க. 700 டாலர்.

சொட்டுநீர்க் குழாயில் நிப்பிள் உடைஞ்சா நாங்க தினமும் பண்ற வேலைங்க இது! பைப் லைனையே மாத்துன்னு எவனாவது சொன்னா ஊரே சிரிக்கும். பட்டறைக்காரர் அந்தப் பெட்டியைத் திறக்கத் துணிஞ்சார், திறக்கத் தெரிஞ்சிருந்தது. அதுதான் 15,300 டாலரை மிச்சம் பண்ணுச்சு.

விவசாயி எங்கே வந்தான்?

இந்தச் சண்டையில் சத்தமா குரல் கொடுத்தது கார்க்காரங்களை விட விவசாயிங்கதான். அமெரிக்காவில் ஜான் டியர் டிராக்டரும் அறுவடை மெஷினும் கம்ப்யூட்டர் ஆகிப்போச்சு. ஒரு சென்சாரை மாத்தினாலும், அதை மெஷின் ஏத்துக்க டீலர் லேப்டாப்பில் இருக்கிற சாப்ட்வேர் வேணும். அறுவடை நேரத்தில் டீலர் ஆளுக்காகக் காத்திருக்கிற கொடுமையை நான் விளக்க வேண்டியதில்ல, மழை இருட்டிக்கிட்டு வர்றப்போ வயக்காட்டுல மெஷின் நின்னா எப்படியிருக்கும்னு நினைச்சுக்கங்க. வேற வழியில்லாம கிழக்கு ஐரோப்பாவில் இருந்து கள்ளத்தனமா வந்த சாப்ட்வேரை இணையத்தில் வாங்கி ஏத்தற நிலைக்கு அமெரிக்க விவசாயிங்க போனாங்க.

கள்ளத்தனம்னு ஏன் சொல்றேன்னா, 1998இல் வந்த ஒரு காப்புரிமைச் சட்டம். சினிமா டிவிடியைத் திருட்டுக் காப்பி எடுக்காம தடுக்கிற மாதிரியான வேலைக்கு வந்த சட்டம் அது. டிஜிட்டல் பூட்டு எதையும் உடைக்கக் கூடாதுன்னு சொன்னது. டிராக்டர் எஞ்சினில் இருப்பதும் சாப்ட்வேர்தானே? சொந்தப் பணத்தில் வாங்கின டிராக்டரின் பூட்டைத் திறந்தாலும் சட்ட மீறல்னு ஆகிப்போச்சு. 2015இல் தான் வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் விதிவிலக்கு கிடைச்சது. அதுவும் சொந்தக்காரர் தானே பண்ணினா மட்டும். மெக்கானிக்கை வெச்சுப் பண்ணலாம்னு சொல்ல 2018 வரை ஆச்சு. 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய மெஷின்களுக்குன்னே ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் மேலேயே வழக்குப் போட்டது.

இங்கேயும் இது வராமல் இல்ல. நண்பர் ஒருத்தர் தோட்டத்தில் சோலார் மோட்டாரின் கன்ட்ரோலர் பெட்டியில் ஏதோ எர்ரர் நம்பர் காட்டி நின்னுபோச்சு. பேனல் நல்லா இருக்கு, மோட்டார் நல்லா இருக்கு. நம்பரை அழிக்க பாஸ்வேர்டு வேணும், அது சர்வீஸ் ஆள்கிட்டதான் இருக்கு. ஆள் வர ஒன்பது நாள். வந்தவர் ரெண்டு நிமிஷத்துல நாலு பட்டனை அமுக்கிட்டுப் போனார். அதுக்குள்ள காய்கறிப் பாத்தி வதங்கிடுச்சு.

கம்பெனி சொல்ற நியாயம்

அவங்க பக்கத்தையும் சொல்லணும். எலக்ட்ரிக் கார் பேட்டரி 400 வோல்ட், சிலதில் 800 வோல்ட். தெரியாதவன் கை வெச்சா உயிர் போகும், தீப்பிடிச்சா அணைக்கறது கஷ்டம். பயிற்சி இல்லாதவங்க திறக்கக் கூடாதுங்கறது நியாயம்தான். திருட்டு, ஹேக்கிங் பயமும் நிஜம். 2015இல் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கிட்டு இருந்த ஜீப் காரை எங்கோ வீட்டில் உட்கார்ந்துக்கிட்டே நிறுத்திக் காட்டினாங்க. கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சது. பூட்டால நன்மையும் உண்டு. 2022 போரில் உக்ரைனின் மெலிடோபோல் நகரத்து டீலரிடமிருந்து ரஷ்யப் படைகள் ஓட்டிப்போன டிராக்டர்களையும் அறுவடை மெஷின்களையும் தூரத்திலிருந்தே பூட்டினாங்கன்னு செய்தி வந்தது. திருடினவங்களால ஸ்டார்ட் பண்ண முடியலை.

ஆனா ஆபத்துன்னா பயிற்சி கொடுக்கலாம், லைசென்ஸ் வைக்கலாம். ஹை வோல்டேஜ் கம்பத்தில் ஏற லைன்மேனுக்கு அப்படித்தான் பண்றோம். ரிப்பேரைத் தடுக்க கம்பெனிகள் சொல்லும் காரணங்களை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021இல் ஆராய்ஞ்சு அறிக்கை கொடுத்தது. அந்தக் காரணங்கள்ல பெரும்பாலானதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைங்கறதுதான் அதோட முடிவு.

இன்னும் முடியாத சண்டை

மாசசூசெட்ஸ் மக்கள் அந்த ரெண்டாவது ஓட்டையை அடைக்க 2020இல் திரும்பவும் ஓட்டுப் போட்டாங்க. காத்து வழியா போற தகவலையும் சொந்தக்காரர் விரும்பினா மெக்கானிக் பார்க்கலாம் என்பது கேள்வி. கார் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவு பண்ணி எதிர் விளம்பரம் போட்டாங்க. இந்தத் தகவல் கெட்டவங்க கையில் கிடைச்சா பெண்களைப் பின்தொடர்வாங்கன்னு பயமுறுத்தினாங்க. அப்பவும் 75 சதவீதம் பேர் 'ஆமா'தான். உடனே கம்பெனிச் சங்கம் நீதிமன்றம் போச்சு. சுபாருவும் கியாவும் அந்த மாநிலத்தில் விற்ற புதுக் கார்களில் அந்த வசதியையே அணைச்சு வெச்சாங்க. வழக்கு இழுத்துக்கிட்டே போய், 2025 பிப்ரவரியில்தான் தள்ளுபடி ஆச்சு. மக்கள் ஓட்டுப் போட்டு நாலு வருஷத்துக்கு மேல. நடுவில் 2023இல் மெய்ன் மாநிலமும் இதே மாதிரி ஓட்டெடுப்பு நடத்தி, 84 சதவீதம் ஆதரவோட சட்டம் கொண்டுவந்தது.

முதல்ல சொன்ன அந்த 16 பின் பிளக் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. புகையை வெச்சு சட்டம் போட்ட அதே கலிபோர்னியா, 2022இல் புது விதி போட்டது. 2026 மாடல் முதல் எலக்ட்ரிக் கார்களும் பொதுவான முறையில் தகவல் தரணும், பேட்டரி எவ்வளவு உயிரோட இருக்குன்னு சொந்தக்காரருக்குக் காட்டணும், வெளி மெக்கானிக்குக்கு ரிப்பேர் விவரம் கொடுக்கணும். புகை இல்லாத காருக்கும் ஒரு வழியா அந்தச் சட்டம் வந்துச்சுன்னு பார்த்தா, 2025 ஜூனில் அமெரிக்க மத்திய அரசு அந்த விதிக்கான அனுமதியையே ரத்து பண்ணிடுச்சு. கலிபோர்னியா வழக்குப் போட்டிருக்கு. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் எலக்ட்ரிக் வண்டி பேட்டரிகளுக்கு, பிறந்த கதை முதல் உடல்நிலை வரை எழுதின டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகுது. டெஸ்லாவும் இப்போ ரிப்பேர் கையேடுகளை இணையத்தில் இலவசமா வெச்சிருக்கு. ஆக, கேட்டா கொஞ்சம் கொஞ்சமா திறக்குது. கேக்காம திறக்கலை.

நம்ம நாட்டுல

நம்ம நாட்டிலும் இதுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்குங்க, நிறையப் பேருக்குத் தெரியாது. 2011இல் ஒரு தனி மனுஷர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரி பாகத்தையும் பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குக்கு விற்க மாட்டேங்கறாங்க என்பதுதான் புகார். விசாரணை விரிஞ்சு, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டாங்க. கம்பெனிகள் மேல்முறையீடு, நீதிமன்றம்னு போனாங்க. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு குழு அமைச்சது. முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறையில் ஒண்ணு வாகனம், இன்னொண்ணு விவசாயக் கருவி. ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. அமெரிக்க மாநிலங்கள் போட்ட மாதிரி தனிச் சட்டம் இன்னும் வரலை.

இது நமக்கு அவசரமான விஷயம். நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம்தான் நாட்டோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள்ல பெரும்பகுதி தயாராகுது. இன்னும் அஞ்சாறு வருஷத்துல வாரண்டி முடிஞ்ச பேட்டரி வண்டிங்க ஊர் ஊரா நிக்கும். அன்னைக்கு அதைத் தொட நம்ம ஊர் மெக்கானிக்குக்கு வழி இருக்கா, இல்ல பழைய இரும்புக்குத்தான் போகுமான்னு இப்பவே முடிவாகிக்கிட்டு இருக்கு. பதினாறு வயசுல ஸ்பேனர் பிடிச்ச பசங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்களுக்கு 400 வோல்ட்டைப் பாதுகாப்பா கையாளக் கத்துக் கொடுத்தா கத்துக்குவாங்க. டைனமோ காலத்துல இருந்து ஸ்கேனர் வரைக்கும் கத்துக்கிட்டுத்தானே வந்தாங்க?

அதனால, எலக்ட்ரிக் கார் வாங்கலாமான்னு கேட்டா, தாராளமா வாங்குங்க. புகை குறையறது எங்களுக்கும் நல்லதுதான். ஷோரூமுக்குப் போறப்போ கலரையும் ஸ்பீக்கரையும் பார்த்த பிறகு ஒரு நாலு கேள்வியைக் கேட்டு வைங்க:

பேட்டரியில ஒரு பகுதி மட்டும் பழுதானா அதை மட்டும் மாத்த முடியுமா, இல்ல மொத்தமா மாத்தணுமா? மொத்தமா மாத்தினா இன்னைக்கு என்ன விலை?

வாரண்டி முடிஞ்ச பிறகு வெளி மெக்கானிக் பார்க்க ரிப்பேர் கையேடும் கருவியும் விலைக்குக் கிடைக்குமா?

பேட்டரியோட ஆரோக்கியம் எத்தனை சதவீதம்னு நானே பார்க்க முடியுமா?

அப்டேட் வந்த பிறகு ஓடற தூரமோ வசதியோ குறைஞ்சா யார் பொறுப்பு?

பதிலை வாய்ல சொன்னா போதாது, எழுத்துல வாங்குங்க. விக்கிற பையனுக்கு விடை தெரியாது, பரவாயில்ல. மேனேஜரைக் கேப்பான், மேனேஜர் கம்பெனியைக் கேப்பார். பத்துப் பேர் கேட்டா கம்பெனி காதுல விழும். மாசசூசெட்ஸ்காரங்களும் முதல்ல இப்படிக் கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க.